இருபத்திரண்டு அங்குல உயரத்தில் ஒரு நிலையம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் ஈரத்திலேயே நிற்கிறாய், சொன்னாலும் கேட்கமாட்டாய். இங்கே நாங்கள் நால்வரும் சுகம்.

ஒரு வேடிக்கை கேள். அப்பா பொம்மை ரயில் கட்டுகிறார். தெருமுனைப் பொம்மைக் கடையை மூடிவிட்டார்கள். அங்கே பழைய ரயில் ஒன்று, ஒரு பெட்டி நிறையத் தண்டவாளத்தோடு அவருக்குக் கிடைத்தது. பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் குடுவை கழுவிய கை ஆயிற்றே, சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேசை இப்போது தலைமை நிலையம். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சிய தண்ணீர்க் குழாயை வெட்டிக் குகை செய்தார். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி வில்லை ஒன்றைக் கொண்டுவந்து ஏரியாக்கினேன். அப்பா விடுவாரா? எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டிவிட்டார். ‘மலை (காகிதம்)’, ‘ஏரி (கண்ணாடி)’, ‘மரம் (பாத்திரம் தேய்க்கும் நார்)’.

பெரிய அதிசயம், அம்மாவும் இதில் சேர்ந்துவிட்டாள். ஒன்பது வருடமாக ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாத இருவரும் ஒரே ரயிலுக்கு வேலை பார்க்கிறார்கள். அம்மா தீக்குச்சியில் பயணிகள் செய்கிறாள். எல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குத்தான். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

---

மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கண் வலி தேவலையா? உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசியில் ‘ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் நினைக்க ஆரம்பித்தேன்.

முதலாவது, கூடத்தில் நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி அடிக்கவே அப்பா ஒரு வாரம் யோசிப்பார். அவர் சாப்பாட்டு மேசையையே விட்டுக்கொடுத்தாரா? இரண்டாவது, இந்த முகாமில் இருப்பது ஒரே தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் ஆளுக்குப் பத்து நிமிடம். நான்கு ஞாயிறாகப் பேசுகிறேன். அம்மா ஒருநாள் குளிக்கிறாள், ஒருநாள் கடைக்குப் போயிருக்கிறாள், இரண்டு நாள் தூங்குகிறாள். காலை பத்து மணிக்கு அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. டிசம்பரில் நான் வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அது என்ன ஆயிற்று?

வீட்டை விற்கப் பார்க்கிறீர்களா? என் அறையில் யாரையாவது குடிவைத்திருக்கிறீர்களா? எதுவானாலும் நேராகச் சொல். பூசி மெழுகுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே சரியாக வராது.

அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

அக்கா

---

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கண் வலி போய்விட்டது. உன் கடிதம் வந்ததில் தலைவலி வந்துவிட்டது. மலையைக் குடைந்து குடைந்து நீ எங்களையும் குடைய ஆரம்பித்துவிட்டாய்.

வீட்டை யாரும் விற்கவில்லை. உன் அறை அப்படியே இருக்கிறது. அம்மாவின் தொண்டை எப்போதோ சரியாகிவிட்டது. நேற்றுக்கூடச் சமையலறையிலிருந்து அப்பாவைப் பார்த்து, “என்னங்க, வண்டி எத்தனை மணிக்கு வரும்?” என்று கத்தினாள். போதுமா?

ரயில் இப்போது பெரிதாகிவிட்டது. கூடத்துச் சுவரில் ஒரு சாண் ஓட்டை போட்டு, பாதையைச் சமையலறைக்குக் கொண்டுபோயிருக்கிறோம். என் வீட்டுக்காரர்தான் சுவரை உடைத்தார். அப்பா பக்கத்திலேயே நின்று தூசு விழாமல் துணி பிடித்தார். சரக்குப் பெட்டியில் சீட்டு வைத்து அனுப்பினால் அந்தப் பக்கம் போகிறது, பதில் திரும்பி வருகிறது. பள்ளியிலிருந்து அப்பா கொண்டுவந்த கைமணிதான் வண்டிக்கு அறிவிப்பு. வீடு முழுக்க டிங் டிங் என்று ஒரே சத்தம்.

நீ நிம்மதியாக உன் வேலையைப் பார்.

உன் தங்கை

---

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பதாக நீ எழுதுகிறாய். அதை நம்புவதற்குத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

நான் இந்தச் சுரங்க அளவைப் பயிற்சியில் சேர்ந்தபோது தாளில் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ‘பொம்பளப் பிள்ளை மலைக்குள்ள போய்ச் சாகவா’ என்று அப்பா மறுத்தார். அவர் வெளியே போயிருந்தபோது அம்மா கையெழுத்துப் போட்டாள். அன்று நின்ற பேச்சு. அதிலிருந்து அம்மாவுக்கு அப்பா ‘சிலர்’. ‘சிலருக்குச் சாப்பாடு ஆறிட்டிருக்கு’ என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். ‘சிலர் குடையை மறந்துட்டுப் போறாங்க’ என்று கதவிடம் சொல்வாள். என்னால்தான் அந்த வீட்டில் அந்த வார்த்தை வந்தது, அதனால் நான் அதை மறக்கமாட்டேன்.

அந்த அம்மா ‘என்னங்க’ என்று கூப்பிட்டாளாம். நீ அதைத் தொண்டை சரியானதற்குச் சாட்சியாகப் போகிறபோக்கில் எழுதுகிறாயாம். உண்மையில் அவள் அப்படிக் கூப்பிட்டிருந்தால் நீ கடிதமா எழுதியிருப்பாய்? தெரு முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு, எனக்குத் தந்தி அல்லவா கொடுத்திருப்பாய்.

எனக்குக் காது குத்தாதே. ரயில் பாதையின் வரைபடம் ஒன்று வேண்டும், அளவுகளோடு. நீ வரையாதே. உன் வீட்டுக்காரரை வரையச் சொல்.

அக்கா

---

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையில் கணக்கெடுப்பு.

‘என்னங்க’ என்பது கைதவறி எழுதியது. அம்மா எப்போதும்போல ‘சிலர்’ என்றுதான் சொல்லியிருப்பாள். வரைபடம் இத்துடன். இது சும்மா ஒரு விளையாட்டு அக்கா, இதற்குப் போய் அளவு கேட்கிறாயே.

உன் தங்கை

---

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

உடல்நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர். குழாய் வேலைக்காரர் அளவில் பொய் சொன்னால் வீட்டில் தண்ணீர் வராது. கூடத்து மேசையில் பாதை முப்பது அங்குல உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று போட்டிருக்கிறார். பதினாறு அடி போய், இருபத்திரண்டு அங்குல உயரத்தில் முடிகிறது. இருபத்து நான்கடிக்கு ஓரடி இறக்கம். அந்தச் சின்ன வண்டி திரும்பி ஏறும்போது திணறியிருக்கும். விளையாட்டுக்குக் கட்டுகிறவர்கள் மட்டமாகக் கட்டுவார்கள். யாருக்கோ எட்ட வேண்டும் என்றால்தான் இறக்கிக் கட்டுவார்கள்.

சமையலறை மேடை முப்பத்து மூன்று அங்குலம். நான் அளந்தது. சமையலறை கூடத்துக்கு இடப்பக்கம். இந்தப் பாதை வலப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கம் இருப்பது என் அறை. என் அறையில் இருபத்திரண்டு அங்குல உயரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, என் கட்டில்.

கட்டிலில் யார் படுத்திருப்பது?

அக்கா

---

ஜூன் 30

தங்கைக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தபால் கொண்டுவரும் சாமான் வண்டி முகாமுக்கு வந்தபோதெல்லாம் போய் நின்றேன்.

போன ஞாயிறு தொலைபேசியில் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள். ‘அம்மாவா?’ என்றேன். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் சாதாரண மூச்சு இல்லை, குழாயில் காற்றுப் போகிற மாதிரி. ‘யாருங்க, யாருங்க’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மணி ஒருமுறை அடித்தது, ரயில் மணி. பிறகு வைத்துவிட்டார்கள்.

நாளைக்குச் சுரங்கம் நேராகப் போகிறதா என்று நான் கோடு பார்க்க வேண்டும். எழுது.

அக்கா

---

ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படித்துவிடு. அம்மா உயிரோடு இருக்கிறாள். நன்றாகத் தேறி வருகிறாள். உன்னோடு மூச்சு விட்டது அவள்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எழுந்து போய் எடுத்திருக்கிறாள்.

டிசம்பரில் இருந்தது தொண்டைக்கட்டு இல்லை, கட்டி. பிப்ரவரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் இப்போது மூச்சு. இனிமேல் அவளுக்குக் குரல் வராது அக்கா. உன் அறையில் வெளிச்சம் அதிகம் என்று அங்கே படுக்க வைத்தோம்.

சொல்லாதே என்றது அவள்தான். அறுவைக்கு முதல்நாள், குரல் இருந்த கடைசிநாள், என்னைக் கூப்பிட்டு, “அவகிட்ட சொன்னா பாதியில விட்டுட்டு ஓடி வந்திடுவா. அந்த வேலைக்கு நான் ஒன்பது வருஷம் கொடுத்திருக்கேன். சுரங்கம் முடியட்டும்” என்றாள். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த ஒருநாளும் அப்பா பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாமலே நேரம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவால் கூப்பிட முடியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கட்டிலைத் தட்ட வேண்டும். மூன்றாம் நாள் அவர் அந்த ரயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் சீட்டில், ‘தேநீர்: தேவை / தேவையில்லை. பொருந்தாததை அடிக்கவும்’ என்று எழுதி அனுப்பினார். அம்மா ‘தேவையில்லை’ என்பதை அடித்துவிட்டு, கீழே, ‘சிலர் சர்க்கரை குறைத்துப் போடவும்’ என்று எழுதி, மணி அடித்து அனுப்பினாள். எழுத்திலும் சிலர்தான். அப்படி ஆரம்பித்தது. பிறகு மலை, ஏரி, தீக்குச்சிப் பயணிகள் எல்லாம் நிஜமாகவே விளையாட்டுத்தான். நாங்கள் நால்வரும் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் ஏப்ரல் கடிதத்தை அப்பா எடுத்துப் படித்துவிட்டார். கடிதத்தோடு என்னிடம் ஓடி வந்து, “என்னங்கன்னு கூப்பிட்டாளா? எப்ப? எனக்குக் கேக்கலையே” என்றார். குரல் திரும்ப வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார். நான் சும்மா எழுதினேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கடிதத்தை மடித்து, உறையில் போட்டு, மேசைமேல் நேராக வைத்துவிட்டுப் போனார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மறுநாள் சரக்குப் பெட்டியில் ஒரு சீட்டு போனது. ‘அந்த வார்த்தையை ஒருமுறை எழுதித் தர இயலுமா?’ அம்மா பதில் எழுதினாள்: ‘விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

உன் தங்கை

---

ஜூலை 15

தங்கைக்கு,

உன்னைத் திட்டச் சொற்கள் இருக்கின்றன, நேரில் வைத்துக்கொள்கிறேன். பெட்டி கட்டிவிட்டேன். வேலையிலிருந்து விலகும் கடிதமும் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுப்பேன். என் அம்மாவுக்குக் குரல் போய் ஐந்து மாதம், நான் இங்கே பாறையின் சரிவை அளந்துகொண்டிருந்தேன்.

அம்மாவிடம் காட்டு.

அக்கா

---

ஜூலை 19

பெறுநர்: மூத்த மகள்
பொருள்: வேலையிலிருந்து விலகுதல் தொடர்பாக

உன் கடிதம் கிடைத்த அன்றே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். என் உடல்நலம் நன்று. உன் தாயார் இன்று காலை இரண்டு தோசைக்கல் அளவுக்குக் கோபமாக இருக்கிறார், ஆகவே நலம்.

நீ வேலையை விடக் கூடாது. இதை நான் எழுதுவது உனக்கு வியப்பாக இருக்கும். எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் செய்தது சரி. நான் செய்தது தவறு. அதை ஒன்பது வருடத்தில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில், பக்கத்து அறையில், அந்தக் குரல் இருந்தது. நான் கேட்காத மாதிரி செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கு அந்தக் குரலில் ‘சிலர்’ என்ற சொல் மட்டும்தான் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது நான் அவரிடம் நாள் முழுக்கப் பேசுகிறேன். நான்கு நாள் விடுப்பில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போ. உன் கட்டில் காலியில்லை. கூடத்தில் நிலையத்துக்கு அடியில் படுக்கலாம்.

அப்பா

பின்குறிப்பு: உன் கணக்கு சரி. வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. சரிவைக் குறைக்க ஆலோசனை தேவை.

---

ஜூலை 19

என் பெரியவளுக்கு,

உன் அப்பா எழுதும் உறையிலேயே இதையும் வைக்கிறேன். மூட்டுக்குத் தினமும் எண்ணெய் தேய்க்கிறாயா? இல்லை என்று தெரியும்.

நீ சந்தேகப்பட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பெற்றது அப்படித்தான் இருக்கும். ஆனால் விலகல் கடிதத்தைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக் கிழித்துவிடு. மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறீர்கள், டிசம்பரில் இரண்டும் நடுவில் சந்திக்கும், ஒரு விரல்கூடத் தப்பக் கூடாது என்று நீதானே சொன்னாய்? அந்தக் கோடு உன் கையில். எனக்குத் தொண்டைதான் போயிற்று. கண் இருக்கிறது. நீ முடித்ததைப் பார்க்க வேண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வருடத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறார். காலையில் செய்தித்தாள் முழுவதையும் எனக்கு வாசிக்கிறார், முதல் பக்கத்துச் செய்தியிலிருந்து காணாமல் போன நாய் வரை. போதும் என்று சொல்லக்கூட என்னால் முடியாது. மணி அடிக்கிறேன், வண்டி கேட்கிறேன் என்று நினைத்து அனுப்பிவைக்கிறார்.

இப்போது எழுந்து நடக்கிறேன், நேரே போய்த் தேநீர் கேட்கலாம். ஆனாலும் நிலையத்தை எடுக்க விடமாட்டேன்.

அவர் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் என்னைச் சுவரோடு பேச வைத்தவர், கொஞ்சம் காத்திருக்கட்டும். ஞாயிறு கூப்பிடு. இந்த முறை நான் எடுப்பேன். ஆமாம் என்றால் ஒரு மணி, இல்லை என்றால் இரண்டு.

அம்மா

---

ஜூலை 29

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி நான்கு நாள் விடுப்பில் வருகிறேன். எண்ணெய் நேற்றுத் தேய்த்தேன், சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘வலிக்கிறதா’ என்று கேட்டேன், இரண்டு மணி. ‘பொய் சொல்கிறாயா’ என்றேன், கொஞ்ச நேரம் கழித்து ஒரு மணி. ‘என்மேல் கோபமா’ என்றேன், இரண்டு மணி, அவசரமாக. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள், இந்தப் பெண் யாரிடம் மணிச் சத்தம் கேட்டு அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அப்பா வாங்கினார். “இரு, அம்மா எழுதிட்டிருக்கா, நான் வாசிக்கிறேன்” என்றார். பென்சில் சத்தம் எனக்கே கேட்டது. செய்தித்தாள் வாசிப்பதுபோலக் கடகடவென்று ஆரம்பித்தார். “என்னங்க, பெரியவகிட்ட” என்றார்.

அதோடு நின்றுவிட்டது. ‘அப்பா’ என்றேன், ‘அப்பா, இருக்கீங்களா’ என்றேன். ஒன்றும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. அவர் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் உன் மூச்சும் கேட்டது. அப்படியே என் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. வைக்கும்போது ஒரு மணி அடித்தாய்.

பெரியவளிடம் என்ன சொல்லச் சொன்னாய் அம்மா? அது எனக்கு இன்னும் தெரியாது. அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை, அவர் அந்தச் சீட்டைக் குடுவையில் போட்டு மூடிச் சீட்டு ஒட்டியிருப்பார். மீதியை நீயே எழுது.

உன் பெரியவள்